திரெட் எண்ணிக்கையை நம்பாமல் புதிய ப்ராசஸரின் வேகத்தைக் கணிப்பது எப்படி?

ப்ராசஸருக்குள் தனித்து வேலை செய்யும் பகுதி கோர், அது ஓட்டும் ஒரு கட்டளை வரிசை திரெட். ப்ராசஸர் பெட்டியில் 8 கோர், 16 திரெட் என்று இருந்தால் அதை 16 கோராகவே கணக்கிட்டுக்கொள்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முந்தைய தலைமுறையில் 32 திரெட் இருந்ததே, புதியதில் 24 ஆகக் குறைத்துவிட்டார்களே என்று வருந்துபவர்களும் இருக்கிறார்கள். இரண்டுமே தவறான கணக்கு. ஒரே கோரில் இரண்டு திரெட்களை ஒரே சமயத்தில் ஓட்டும் முறைக்கு எஸ்எம்டி என்று பெயர். இன்டெல் இதையே ஹைப்பர்-திரெடிங் என்று விற்கிறது. இதனால் உங்கள் வேலைக்கு எத்தனை சதவீதம் பலன் என்பதை இப்போது வைத்திருக்கும் கணினியிலேயே அளந்துவிடலாம். அந்த ஓர் எண் கையில் இருந்தால் வரப்போகும் ப்ராசஸர்களைப் பற்றிய அறிவிப்புகளை நிதானமாக எடைபோட முடியும்.

பலன் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸில் ஓடும் ஒரு கோருக்குத் தேவையான தரவு, ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் சிறிய வேக நினைவகமான கேஷில் கிடைக்காமல், ரேம் வரை போய்வர 80 நானோவிநாடி ஆகிறதென்றால், அதற்குள் 400 சுற்றுகள் கடந்துவிடுகின்றன. வரிசையில் பின்னால் நிற்கும் கட்டளைகளை முன்கூட்டியே எடுத்துச் செய்து நவீன கோர்கள் இந்த இடைவெளியில் ஒரு பகுதியை நிரப்பிக்கொள்கின்றன. எஞ்சிய வெற்று நேரத்தில் இன்னொரு திரெட்டின் வேலையை நுழைப்பதுதான் எஸ்எம்டி. கணக்குப் போடும் அலகுகளும் கேஷும் இரட்டிப்பாவதில்லை, அவை இரண்டு திரெட்களுக்கும் பொது. 2002-இல் ஜியான் என்ற சர்வர் ப்ராசஸரில் இதைக் கொண்டுவந்தபோது, சிப்பின் பரப்பு 5 சதவீதத்துக்கும் குறைவாகவே கூடியதாகவும், சர்வர் வேலைகளில் 30 சதவீதம் வரை பலன் கிடைத்ததாகவும் இன்டெல் பொறியாளர்கள் எழுதினார்கள். ஏறக்குறைய இலவசமாகக் கிடைத்த லாபம் என்பதால்தான் இத்தனை ஆண்டுகள் நீடித்தது.

அளக்கத் தொடங்கும் முன் டாஸ்க் மேனேஜர் காட்டும் சதவீதத்தை நம்பும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். 8 கோர், 16 திரெட் உள்ள கணினியில் ஒவ்வொரு கோரிலும் ஒரு திரெட் முழுமூச்சாக ஓடினால் அது 50 சதவீதம் என்று காட்டும். இன்னும் பாதி பலம் மிச்சமிருக்கிறது என்று தோன்றும். உண்மையில் அந்த மீதிப் பாதியை நிரப்பினால் கிடைப்பது கூடுதலாக 20 அல்லது 30 சதவீத வேலைதான், சில வேலைகளில் அதுவும் இல்லை.

எஸ்எம்டியை நிறுத்தும் வசதி, கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அமைப்புத் திரையான பயாஸில் இருக்கிறது. இன்டெல் மதர்போர்டுகளில் ஹைப்பர்-திரெடிங் என்ற பெயரிலும், ஏஎம்டி போர்டுகளில் எஸ்எம்டி மோடு அல்லது எஸ்எம்டி கன்ட்ரோல் என்ற பெயரிலும், பெரும்பாலும் சிபியு அமைப்புகளுக்குள் சற்று ஆழத்தில் அது ஒளிந்திருக்கும். விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இயங்கிக்கொண்டிருந்தால் அதன் மீட்புச் சாவியை முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் பயாஸில் கைவைத்த பிறகு சில கணினிகள் அதைக் கேட்கும். லினக்ஸில் வேலை இன்னும் எளிது: சிஸ் (/sys) கோப்பகத்தில் சிபியு பகுதியின் கீழுள்ள எஸ்எம்டி கன்ட்ரோல் கோப்பில் ரூட் (நிர்வாகி) அனுமதியுடன் ஆஃப் (off) என்று எழுதினால், மறுதொடக்கம் செய்யாமலேயே இரண்டாவது திரெட்கள் விலகிவிடும்.

சோதனைக்கு நீங்கள் அன்றாடம் செய்யும் வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள்: பிளெண்டரில் ரெண்டர் செய்யும் (படமாக்கும்) ஒரு முப்பரிமாணக் காட்சி, ஹேண்ட்பிரேக்கில் மாற்றும் ஒரு வீடியோ, அல்லது நீங்கள் கம்பைல் செய்யும் புரோகிராம். எஸ்எம்டி இருக்கும்போதும் இல்லாதபோதும் பல முறை ஓட்டி, நேரங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏசி இல்லாத அறையில் ஒன்றை மதியத்திலும் மற்றொன்றை இரவிலும் ஓட்டினால் அது எஸ்எம்டி சோதனையாக இராது, வெயில் சோதனையாகிவிடும். நேரத்தோடு கிளாக் வேகத்தையும் மின்செலவையும் எழுதி வையுங்கள். எஸ்எம்டி இல்லாதபோது கோர்கள் சூடு குறைந்து சற்று வேகமாக ஓடுவதுண்டு. கம்பைல் செய்பவர்கள் ரேமையும் கவனிக்க வேண்டும். பெரிய சி++ கோப்பு ஒன்றே 1 ஜிபிக்கு மேல் விழுங்கக்கூடும் என்பதால், 16 ஜிபி ரேமில் 16 வேலைகளை ஒரே நேரத்தில் ஏவினால் கணினி டிஸ்க்கை நாடிப்போய்ச் சோதனையே பாழாகிவிடும்.

எஸ்எம்டி இல்லாமல் 10 நிமிடம் எடுத்த வேலை அது இருக்கும்போது 8 நிமிடத்தில் முடிந்தால், பலன் 25 சதவீதம். ரெண்டரிங், கோப்புச் சுருக்கம் ஆகியவை இந்த ரகம். நெருக்கமாக எழுதப்பட்ட அணி (மேட்ரிக்ஸ்) கணக்குகளில் கணக்கு அலகுகள் ஏற்கெனவே நிரம்பியிருப்பதால் பலன் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும், சில நேரம் வேகம் குறையவும் செய்யும். விளையாட்டுகளில் பெரும்பாலும் வித்தியாசமே தெரியாது.

இந்த 25 சதவீதத்தைப் பழைய ப்ராசஸர்களில் பொருத்திப் பார்த்தால் அதன் அருமை தெரியும். 2018-இல் வந்த இன்டெல் ஐ7-9700கே-வில் 8 கோர், 8 திரெட். அதற்கு முந்தைய ஐ7-8700கே-வில் 6 கோர், 12 திரெட். திரெட்டை எண்ணினால் பழையதுதான் வெல்ல வேண்டும். நம் கணக்கில் பழையது 7.5 கோருக்குச் சமம், புதியது 8. ரெண்டரிங் சோதனைகளிலும் புதியதே சற்று முன்னால் நின்றது.

இருவகைக் கோர்கள் உள்ள ப்ராசஸரில் கணக்கு இன்னும் சுவையானது. இன்டெல்லின் ஐ9-14900கே-வில் வேகமான பி-கோர் 8, மின்சிக்கனமான சிறிய ஈ-கோர் 16, மொத்தம் 32 திரெட். ஈ-கோரில் எஸ்எம்டி கிடையாது. ஈ-கோர் ஒன்றைப் பி-கோரில் பாதி என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 16 பி-கோருக்குச் சமம். எஸ்எம்டி அதில் சேர்ப்பது 2 கோர், அதாவது 12.5 சதவீதம். அதுவும் எல்லாக் கோர்களும் நிறைந்த பிறகே கிடைக்கும், ஏனெனில் வேலைகள் முதலில் பி-கோர்களுக்கும், அடுத்து ஈ-கோர்களுக்கும், கடைசியாகவே பி-கோரின் இரண்டாவது திரெட்டுக்கும் போகின்றன. 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா 9 285கே-வில் இன்டெல் எஸ்எம்டியைக் கைவிட்டதற்கு இந்தக் கணக்கே போதிய விளக்கம் என்பது என் கருத்து. 8 திரெட் குறைந்தும், ஈ-கோர்கள் வெகுவாக மேம்பட்டதால் அது பல ரெண்டரிங் சோதனைகளில் 14900கே-வை முந்தியது. விளையாட்டுகளில் பின்தங்கியது உண்மைதான். அந்தக் குறையில் பெரும்பங்கு ரேமை அடைய ஆகும் கூடுதல் தாமதத்துக்கு உரியது, எஸ்எம்டி இல்லாததற்கு அல்ல.

அடுத்து வரும் இன்டெல்லின் நோவா லேக்கையும் ஏஎம்டியின் ஜென் 6-ஐயும் இதே முறையில் பாருங்கள். சர்வர் ப்ராசஸர்களுக்கு எஸ்எம்டியைத் திரும்பக் கொண்டுவருவதாக இன்டெல் தலைவர் லிப்-பு டான் 2025 ஜூலையில் அறிவித்ததை டெஸ்க்டாப்புக்கான வாக்குறுதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சர்வர் வேலைகள் ரேமுக்காக அதிகம் காத்திருப்பவை, அங்கே திரெட் கணக்கில்தான் வாடகையும் வாங்குகிறார்கள். சோதனை முடிவுகள் வெளிவந்ததும், ஒற்றைத் திரெட் வேகம் எவ்வளவு கூடியிருக்கிறது, எல்லாக் கோர்களும் ஓடும்போது கிளாக் எந்த அளவில் நிற்கிறது, அதற்கு எத்தனை வாட் செலவாகிறது என்ற மூன்றையும் எடுத்துக்கொண்டு, எஸ்எம்டி உள்ள கோர்களை மட்டும் நீங்கள் அளந்த சதவீதத்தால் உயர்த்தி ஒப்பிடுங்கள். உங்கள் எண் 10 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் திரெட் எண்ணிக்கையைப் பார்க்கவே வேண்டாம், அந்தப் பணத்தைக் கூடுதல் கோருக்கோ பெரிய கேஷுக்கோ செலவிடலாம். 30-ஐத் தாண்டினால், கோர் எண்ணிக்கையும் விலையும் நெருங்கியிருக்கும் இரண்டில் எஸ்எம்டி உள்ளதை எடுப்பதே சரி.