சைரன் போட்டுக்கொண்டு வராது: உயிரித் தாக்குதலும் மருத்துவமனைகள் செய்யும் தவறுகளும்

கிருமியை வேண்டுமென்றே பரப்பும் உயிரித் தாக்குதல் என்றாலே பலருக்கும் வெடிகுண்டு மாதிரி ஒன்றுதான் மனதில் வருகிறது. மருத்துவமனைகளும் அப்படி நினைத்தே திட்டம் போடுகின்றன. முதல் தவறு அதுதான். கிருமி உள்ளே போய் நோயாக வெளிப்படவே பெரும்பாலும் நாட்கணக்கில் ஆகும். சென்னையில் அப்படி ஒன்று நடந்தால், முதலில் அதைப் பார்க்கப்போவது ராத்திரி 2 மணிக்கு கேஷுவாலிட்டியில் இருக்கும் டூட்டி டாக்டர். அவருக்கு அது வெறும் காய்ச்சலாகத்தான் தெரியும்.

1984-ல் அமெரிக்காவின் ஓரிகன் மாகாணத்தில் ஒரு கும்பல் ஓட்டல் சாலட்டுகளில் சால்மோனெல்லா என்ற கிருமியைக் கலந்ததில் 751 பேர் நோயுற்றார்கள். உணவைக் கையாண்டவர்களிடம் சுத்தம் இல்லை என்றுதான் முதலில் நினைத்தார்கள். வேண்டுமென்றே செய்தது என்று தெரிய ஒரு வருடம் ஆனது. அதனால் தாக்குதலா, இல்லையா என்று டூட்டி டாக்டர் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். திடகாத்திரமான நாலு பேர், ஒரே ஏரியா, ஒரே மாதிரி மூச்சுத்திணறல் என்றால் உடனே மாநகராட்சி சுகாதாரத் துறைக்குச் சொல்ல வேண்டும். "ரிசல்ட் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று உட்கார்ந்திருப்பது பெரிய தவறு. பரிசோதனை நடக்கும் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டுக்கு மாதிரியை ஞாயிற்றுக்கிழமை யார் கொண்டுபோவது, எந்தப் பெட்டியில் என்பதும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

எனக்கு அதிகம் கவலை தருவது, டாக்டர்களுக்கு மட்டும் பயிற்சி கொடுப்பது. நோயாளியை முதலில் தொடுவது ட்ராலி தள்ளுபவர். நோயாளி கழற்றிப்போட்ட துணியை எடுப்பது ஆயாம்மா. கவச உடையை மாட்டுவதைவிடக் கழற்றுவதில்தான் ஆபத்து அதிகம். மே மாதப் புழுக்கத்தில் நாலு மணி நேரம் வேர்த்து நனைந்தவருக்கு மூக்கு அரிக்கும். கையுறையோடு கை தானாக முகத்துக்குப் போகும். முதலில் கையுறை, கடைசியில் மாஸ்க் என்று பக்கத்தில் ஒருவர் நின்று சொல்லித்தர வேண்டும். 2018-ல் கோழிக்கோடு மாவட்டத்தில் வந்த நிபா இயற்கையாக வந்த நோய்தான். அதிலும் பேராம்பிராவில் நோயாளியைக் கவனித்த செவிலியர் லினியை இழந்தோம்.

எல்லா நோயாளியையும் ஒரே மாதிரி தனிமைப்படுத்திப் பூட்டு போடுவதும் தவறு. நுரையீரல் பிளேக் இருமலில் பரவும். 2001-ல் அமெரிக்காவில் கடிதங்களில் வந்து 5 பேரைக் கொன்ற ஆந்த்ராக்ஸ் இருமலில் பரவாது.

ஒத்திகையை முன்கூட்டியே அறிவித்துப் பகலில் நடத்தாதீர்கள். சொல்லாமல் நடத்திய ஒன்றை நான் பார்த்தேன். நோயாளியாக நடித்தவர் தனியறை வாசலுக்கு வந்துவிட்டார். சாவி யாரிடம் என்று தெரியவில்லை. பதினைந்து நிமிடம் ட்ராலி வராந்தாவிலேயே நின்றது, ஸ்கேனுக்குக் காத்திருந்த கர்ப்பிணிகளுக்குப் பக்கத்தில். மறுநாளே அந்தச் சாவி நர்ஸ் மேஜைக்கு மேலே ஆணியில் தொங்கியது.