800 ரூபாய் அலமாரியும் அரை லிட்டர் பெயிண்டும்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில், பழம்பொருள் கடையில் பேரம் பேசி 800 ரூபாய்க்கு ஒரு பழைய சின்னச் சுவர் அலமாரி வாங்கி, நானே பெயிண்ட் அடித்தேன். வாங்கும்போதே கதவைத் தட்டிப் பாருங்கள். மாவு மாதிரி தூள் கொட்டினால் உளுத்த மரம். சும்மா கொடுத்தாலும் வேண்டாம். தேக்காக இருந்தால் பெயிண்டே அடிக்காதீர்கள், பாவம். வார்னிஷ் போதும். என்னுடையது ஏதோ மட்ட மரம்.

வேலையில் முக்கால்வாசி தேய்ப்பதுதான். கீல், கைப்பிடியைக் கழற்றிவிட்டு 80-ஆம் நம்பர் உப்புத்தாளால் மர ரேகையின் போக்கிலேயே தேயுங்கள். பிறகு அதைவிட நைசான 120, கடைசியில் 220. குறுக்கே தேய்த்தால் கீறல் பெயிண்டையும் மீறித் தெரியும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். நுண்தூளையும் தடுக்கும் பி100 மாஸ்க் போடுங்கள், பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள்.

ஆணித் துளையை அடைக்கப் புட்டிப் பசை, மேலே ஒரு கோட் பிரைமர் என்ற அடிப்பூச்சு, இரவு முழுக்கக் காயட்டும். எனாமல் பெயிண்டில் கொஞ்சம் டர்பன்டைன் விட்டு இளக்கி, மெல்லிசாக இரண்டு கோட். நான் ஐப்பசி அடைமழையில் அவசரப்பட்டு அடித்தேன். மூன்று நாள் கழித்தும் கதவு பிசுபிசுத்தது. அம்மாவின் கட்டைவிரல் ரேகை இடது ஓரத்தில் இன்னும் இருக்கிறது. அதை அழிக்க மனசு வரவில்லை.

பித்தளைக் கைப்பிடியைப் புளி போட்டுத் தேய்த்து மாட்டினேன்.