ஜாயின் போட்டதும் தொகை ஏறிவிட்டதா?

டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லில் ஓர் அடைப்புக்குறி விட்டுப்போனால் டேட்டாபேஸ் உடனே கத்தும். டேபிள் பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் கத்தும். ஆனால் டேபிள்களைத் தப்பாக இணைத்தால், அதாவது தப்பாக 'ஜாயின்' போட்டால், சத்தமே வராது. கட்டம் கட்டமாக, பார்க்க லட்சணமாக ஒரு விடையைக் கொடுத்துவிடும். அது தப்பு என்று யாராவது வந்து சொல்கிறவரை நமக்கும் தெரியாது.

எனக்குச் சொன்னவர் ஒரு மளிகை மொத்தக் கடையின் கணக்குப்பிள்ளை. அந்தக் கடைக்கு மாத ரிப்போர்ட் எழுதிக் கொடுத்திருந்தேன். "தம்பி, இவ்வளவு வித்திருந்தா குடோன் இந்நேரம் காலியாயிருக்கணுமே" என்றார். அவ்வளவுதான், கணினியைத் திறந்து உட்கார்ந்தேன்.

கடன் வியாபாரம் செய்கிற கடை. 'பில்' என்று ஒரு டேபிள். ஒவ்வொரு பில்லிலும் உள்ள சரக்குகளுக்கு 'பொருள்' டேபிள். வாடிக்கையாளர் தவணையாகக் கட்டும் பணத்துக்கு 'வசூல்' டேபிள். மூன்றிலும் பில் எண் இருக்கிறது. நான் செய்தது, பில்லோடு பொருளையும் வசூலையும் பில் எண் வழியாக ஒரே மூச்சில் ஜாயின் செய்து, இரண்டு தொகைகளுக்கும் கூட்டிச் சொல்லும் 'சம்' போட்டது. பில் எண் 101ஐ மட்டும் எடுத்துக்கொள்வோம். அரிசி 1,200, பருப்பு 800, எண்ணெய் 1,000, ஆக 3,000 ரூபாய். வசூல் இரண்டு முறை: 500, பிறகு 1,000. ஜாயினுக்குப் பிறகு கிடைப்பது இது:

அரிசி 1,200 – வசூல் 500
அரிசி 1,200 – வசூல் 1,000
பருப்பு 800 – வசூல் 500
பருப்பு 800 – வசூல் 1,000
எண்ணெய் 1,000 – வசூல் 500
எண்ணெய் 1,000 – வசூல் 1,000

மூன்று பொருள், இரண்டு வசூல், ஆறு வரி. எந்தப் பொருளுக்கு எந்தப் பணம் என்று டேட்டாபேஸுக்குத் தெரியாது. பில் எண் ஒத்துப்போகிற எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் ஜோடி சேர்த்துவிடும். விற்பனை 6,000 என்று வருகிறது, வசூல் 4,500. வேடிக்கை என்னவென்றால் பாக்கி 1,500 என்றுதான் வரும். உண்மையான பாக்கியும் 1,500தான்! நான் ஒரு பில்லை எடுத்து, பாக்கி சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு ரிப்போர்ட்டை அனுப்பியிருந்தேன்.

இந்த இடத்தில் பலரும் கைவைப்பது, திரும்ப வரும் மதிப்பை ஒருமுறை மட்டும் எடுத்துக்கொள்ளும் 'டிஸ்டிங்க்ட்' மீது. 'சம்'முக்குள் அதைப் போட்டால் 101 சரியாகிவிடும். அடுத்த பில்லில் ஒருவர் 500, மறுபடி 500 என்று கட்டியிருந்தால், இரண்டும் ஒரே எண் என்பதால் ஒன்று காணாமல் போகும். 1,000 வாங்கிக்கொண்டு 500க்குக் கணக்குக் காட்டுவதை எந்த வாடிக்கையாளர் பொறுத்துக்கொள்வார்? காரணம் தெரியாமல் ஒரு குவெரியில் (டேட்டாபேஸுக்கு எழுதும் கேள்வியில்) 'டிஸ்டிங்க்ட்' உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

சரியான வழி, முதலில் கூட்டுவது, பிறகு இணைப்பது. பொருள் டேபிளை பில் எண்வாரியாகத் தனியே கூட்டி, பில்லுக்கு ஒரே வரியாக்குங்கள். வசூலையும் அப்படியே. அப்புறம் இரண்டையும் பில்லோடு லெஃப்ட் ஜாயின் செய்யுங்கள்; ஜோடி கிடைக்காவிட்டாலும் அது பில் வரியை விடாது. ஜோடி கிடைத்த வரிகளை மட்டும் வைத்துக்கொள்ளும் இன்னர் ஜாயின் போட்டால் இன்னும் ஒரு ரூபாய்கூடக் கட்டாத பில் பட்டியலிலிருந்தே விழுந்துவிடும். கடைக்காரருக்கு முதலில் தெரியவேண்டியதே அந்த பில்தான். ஒவ்வொரு ஜாயினுக்கு முன்னும் பின்னும் 'கவுண்ட்' போட்டு வரிகளை எண்ணிப் பாருங்கள். பில் 400 என்றால் ஜாயினுக்குப் பிறகும் 400தான் இருக்கவேண்டும்.

அந்த லெஃப்ட் ஜாயினிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. எல்லா வாடிக்கையாளரும் வேண்டும், மார்ச் மாதம் அவர்கள் வாங்கிய பில்களும் வேண்டும், வாங்காதவருக்குப் பூஜ்யம் காட்டவேண்டும். வாடிக்கையாளர் டேபிளோடு பில்லை லெஃப்ட் ஜாயின் செய்துவிட்டு, வரிகளை வடிகட்டும் 'வேர்' பகுதியில் "பில் தேதி மார்ச்" என்று எழுதினால் வாங்காதவர்கள் எல்லாரும் மாயம். பில்லே இல்லாதவருக்குத் தேதி 'நல்', அதாவது மதிப்பே இல்லாத வெற்றிடம். நல்லை எதோடு ஒப்பிட்டாலும் அது உண்மை ஆகாது, எனவே 'வேர்' அந்த வரியைத் தள்ளிவிடும். பெயருக்கு லெஃப்ட் ஜாயின், நடப்பது இன்னர் ஜாயின்.

இதைக் கவனித்தவர்கள் சிலர், "மார்ச் அல்லது தேதி நல்" என்று ஒட்டுப்போடுவார்கள். அதுவும் போதாது. பிப்ரவரியில் மட்டும் வாங்கிய ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவருக்கு பில் இருக்கிறது, அதனால் தேதி நல் இல்லை. அது மார்ச்சும் இல்லை. அவர் நடுவில் விழுந்துவிடுவார். தேதி நிபந்தனையை, எதை வைத்து இணைக்கவேண்டும் என்று ஜாயினுக்குச் சொல்லும் 'ஆன்' பகுதிக்கு நகர்த்துங்கள், பிரச்சினை தீர்ந்தது. எண்ணும்போது 'கவுண்ட்'டுக்குள் நட்சத்திரம் (*) போடாமல் பில் எண்ணைப் போடுங்கள். நட்சத்திரம் வரியை எண்ணும். பில் இல்லாதவருக்கும் நல் நிரம்பிய ஒரு வரி இருப்பதால் ஒன்று என்று காட்டும்.

நல் செய்யும் இன்னொரு சேட்டை 'நாட் இன்'னில், அதாவது 'இந்தப் பட்டியலில் இல்லாதவை' என்று கேட்கும்போது. ஒரு தடவைகூட வாங்காத வாடிக்கையாளர் யார் என்று கேட்க, "பில் டேபிளில் உள்ள வாடிக்கையாளர் எண்களில் நாட் இன்" என்று எழுதத் தோன்றும். ரொக்கத்துக்கு வாங்கிப்போன பில் ஒன்றில் வாடிக்கையாளர் எண் நல்லாக இருந்தால் போதும், விடை காலி. 7ஆம் எண் அந்த நல்லுக்குச் சமமில்லை என்று டேட்டாபேஸால் உறுதியாகச் சொல்ல முடியாது, அதனால் ஒருவரையும் சேர்க்காது. 'இப்படி ஒரு வரியே இல்லை' என்று பார்க்கும் 'நாட் எக்சிஸ்ட்ஸ்' எழுதினால் இந்தத் தொல்லை இல்லை. அதையே பழக்கமாக வைத்துக்கொண்டுவிட்டேன்.

'நேச்சுரல் ஜாயின்' பக்கமே போகாதீர்கள். ஒரே பெயருள்ள ஃபீல்டுகள் எல்லாவற்றையும் தானாகவே இணைக்கும். இன்று பில் எண் மட்டும் பொதுவாக இருக்கும். நாளைக்கு யாரோ இரண்டு டேபிளிலும் 'திருத்திய_தேதி' சேர்ப்பார், இரண்டு தேதியும் ஒத்துப்போகாமல் ரிப்போர்ட் காலியாகும். எந்த டேபிள்கள் என்று சொல்லும் 'ஃப்ரம்' பகுதியில் கமா போட்டு டேபிள்களை அடுக்குவதும் பழைய வழக்கம். எஸ்க்யூஎல்லின் 1992 தரத்திலேயே 'ஜாயின்', 'ஆன்' வந்துவிட்டன. கமாவில் நிபந்தனையை மறந்தால் 400 பில்லும் 300 வாடிக்கையாளரும் பெருகி 1,20,000 வரி வந்து நிற்கும்.

வேகத்தைப் பற்றியும் ஒன்று. ஃபாரின் கீ (பொருளில் உள்ள பில் எண் பில் டேபிளிலும் இருக்கவேண்டும் என்ற விதி) போட்டுவிட்டோம், இன்டெக்ஸும் (வரிகளை வேகமாகத் தேட உதவும் அட்டவணை) வந்திருக்கும் என்று நம்புகிறவர்கள் நிறைய. மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் சேமிப்புப் பகுதியான இன்னோடிபி தானாகவே உருவாக்கும்; இன்னொரு டேட்டாபேஸான போஸ்ட்கிரஸ் உருவாக்காது, பொருள் டேபிளின் பில் எண்ணுக்கு நாமே போடவேண்டும். எஸ்க்யூலைட்டில் கதை வேறு: ஒவ்வொரு கனெக்‌ஷனிலும் 'ஃபாரின் கீஸ்' பிராக்மா என்ற அமைப்பை ஆன் செய்யாவிட்டால், பொதுவாக அது ஃபாரின் கீயைச் சரிபார்ப்பதே இல்லை. இல்லாத பில்லுக்குப் பொருள்கள் சேர்ந்துகொண்டே போகும். இப்படி அநாதையாகக் கிடப்பவற்றைத் தேட, பொருளிலிருந்து பில்லுக்கு லெஃப்ட் ஜாயின் போட்டு, பில் பக்கம் நல்லாக உள்ள வரிகளை மட்டும் கேளுங்கள். ஜோடி இல்லாததைத் தேடும் இந்த மாதிரி இடத்தில் 'வேர்' பகுதியில் நல்லைத் தேடுவதுதான் சரி.