டான்ஸ் பேட் வாங்கும் முன் டிவியைப் பாருங்கள்

திரையில் பாட்டின் தாளத்துக்கு வரும் அம்புகளை, தரையில் வைத்த பேடில் காலால் மிதித்து ஆடும் விளையாட்டு இது. இதற்குப் புதிதாக வருகிற தம்பி தங்கைகள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணா, எந்தப் பேட் வாங்கலாம்?" பதில் சொல்வதற்குள் பாதிப் பேர் வாங்கியே முடித்திருப்பார்கள். நான் ஆரம்பத்தில் பணத்தை விட்ட அதே இடங்களில்தான் இவர்களும் விடுகிறார்கள். ஈரக் காலோடு ஏறாதே, ஒயரை இழுக்காதே என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

எந்த விளையாட்டு என்று முடிவு செய்யாமல் வாங்குவது

கொனாமி 1998-ல் ஜப்பான் ஆர்க்கேடுகளில் இறக்கிய டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷனுக்கு நான்கு அம்பு: இடது, கீழ், மேல், வலது. அடுத்த ஆண்டு கொரியாவின் ஆண்டமிரோ கொண்டுவந்த பம்ப் இட் அப்புக்கு ஐந்து: நான்கு மூலை, நடுவில் ஒன்று. கம்ப்யூட்டரில் இலவசமாகக் கிடைக்கிற ஸ்டெப்மேனியாவும், அதிலிருந்து கிளைத்த ஐடிஜிமேனியாவும் இரண்டு வகையையும் ஆட விடும். பேட் அப்படி விடாது. மால் கேம் ஜோனில் பம்ப் ஆடிப் பழகியவர் நான்கு அம்பு பேடை வாங்கினால், கால் பழக்க தோஷத்தில் மூலைக்கே போகும்.

பழைய பிளேஸ்டேஷன் பேடும் மலிவு கன்வர்ட்டரும்

செகண்ட் ஹேண்டில் பேட் மலிவாகக் கிடைக்கும், யுஎஸ்பி கன்வர்ட்டரும் மலிவுதான். ஒவ்வொரு அம்பாக மிதித்துப் பார்த்தால் எல்லாமே வேலை செய்யும். பாட்டில் இடதும் வலதும் சேர்ந்து வரும் ஜம்ப்பில்தான் வண்டவாளம் தெரியும். சில கன்வர்ட்டர்கள் அம்புகளைத் தனித்தனி பட்டனாக அனுப்பாமல் ஜாய்ஸ்டிக் அசைவாக அனுப்பும். ஜாய்ஸ்டிக் ஒரே நேரத்தில் இடமும் வலமும் போக முடியாதே! இரண்டும் கழிந்து பூஜ்யமாகிவிடும். நீங்கள் குதித்ததே விளையாட்டுக்குத் தெரியாது. விண்டோஸில் கேம் கன்ட்ரோலர் சோதனைத் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டையும் சேர்த்து மிதியுங்கள். இரண்டு பட்டன் விளக்கும் எரிந்தால் சரி. நடுவில் இருக்கும் கூட்டல் குறி மட்டும் அசைந்தாலோ, எதுவுமே அசையாவிட்டாலோ, கன்வர்ட்டரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சாஃப்ட் பேடை மடித்து வைப்பது

சுருட்டுங்கள். மடித்த கோட்டில்தான் உள்ளே மின்சாரம் கடத்தும் தாள் விரிசல் விடும்.

தாமதம் டிவியில், தண்டம் பேடுக்கு

இதைச் சொல்லும்போது எனக்கு இன்னமும் எரிச்சல் வரும்.

எங்கள் குடியிருப்பில் ஒரு கல்லூரிப் பையன். சாஃப்ட் பேடில் ஆடினான்; எவ்வளவு முயன்றும் பாதி மிஸ், மீதி தாமதம். "இந்தப் பேட் சரியில்லண்ணா" என்று வந்த விலைக்கு விற்றான். வெளிநாட்டிலிருந்து உலோகப் பேட் வரவழைத்தான். பேடின் விலை போக அனுப்பும் கூலி, அதன் மேல் சுங்க வரி வேறு. வந்து இறங்கியது, ஆடினான், அதே மிஸ், அதே தாமதம். சென்சாரைக் கழற்றி அட்டை வைத்துப் பார்க்கலாமா என்று கேட்கத்தான் என்னைக் கூப்பிட்டான்.

போய்ப் பார்த்தால், ஹாலில் பெரிய டிவி. படத்தை மெருகேற்றும் வசதி அத்தனையும் ஆன். பாட்டு வருவது ப்ளூடூத் சவுண்ட்பாரில்.

கணக்கைப் பாருங்கள். 150 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 150 தாளம் உள்ள பாட்டில், ஒரு தாளத்துக்கும் அடுத்ததற்கும் 400 மில்லி செகண்ட். அதை நான்காகப் பிரித்த ஓட்டத்தில் அம்புக்கு அம்பு 100. மிகச் சிறந்த மதிப்பெண்ணுக்கு முன்பின் ஏறக்குறைய 20 மில்லி செகண்டுக்குள் கால் விழ வேண்டும். சாதாரண ப்ளூடூத் ஒலியோ 100, 200 மில்லி செகண்ட் பிந்தி வரும். மெருகேற்றலைக் குறைத்துப் படத்தைச் சீக்கிரம் காட்டும் கேம் மோட் என்ற அமைப்பைப் போடாத டிவி, படத்தைத் தன் பங்குக்கு இன்னொரு அளவு தாமதிக்கும். கண் ஒரு பக்கம் இழுக்கும், காது ஒரு பக்கம் இழுக்கும். இதில் பேட் என்ன செய்யும், பாவம்!

கண்டுபிடிப்பது சுலபம். ஐடிஜிமேனியாவோடு வரும் சிம்ப்ளி லவ் என்ற தீமில் (திரைத் தோற்றத்தில்), பாட்டு முடிந்ததும் உங்கள் மிதிகள் எப்போது விழுந்தன என்பதைக் காட்டும் ஒரு சிறு வரைபடம் வரும்; மிதிகள் அதிகம் விழுந்த நேரம் அதில் மேடாகத் தெரியும். மேடு நடுக்கோட்டின் இருபுறமும் சிதறியிருந்தால் குறை உங்கள் காலில், பயிற்சி போதும். ஒரே ஓர் அம்பு மட்டும் விட்டுப்போனால் குறை பேடில். மேடு மொத்தமாக ஒரே பக்கம் நகர்ந்திருந்தால் தாமதம். பையனுடைய மேடு முழுசாக 'லேட்' பக்கம் கிடந்தது. அதே பாட்டைக் கீபோர்டில் ஆடச் சொன்னேன். மேடு ஏறக்குறைய அதே இடத்தில். "அப்ப பழைய பேடே போதுமா இருந்துச்சா?" என்று உள்ளிருந்து அவன் அப்பா கேட்டார். நானும் பதில் சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை.

டிவியில் கேம் மோட் போட்டோம். லேப்டாப்பின் ஹெட்போன் துளையிலிருந்து பரணில் கிடந்த பழைய ஸ்பீக்கருக்கு ஒயர் இழுத்தோம். மிச்சமிருந்த கொஞ்சத்தை, விளையாட்டின் நேரக் கணக்கையே முன்பின் நகர்த்தும் குளோபல் ஆஃப்செட் என்ற எண்ணில் சரிசெய்தோம். சிலர் கேட்பார்கள், எல்லாவற்றையும் அந்த ஆஃப்செட்டிலேயே சரிசெய்துவிடக் கூடாதா என்று. மாறாமல் நிற்கும் தாமதமென்றால் செய்யலாம். ப்ளூடூத் அப்படி நிற்காது. இன்று இணைத்தால் ஓர் அளவு, நாளை இணைத்தால் வேறு அளவு. தவிர, ஒலியின் தாமதம் வேறு, படத்தின் தாமதம் வேறு; ஓர் எண்ணை வைத்து இரண்டையும் சமாளிக்க முடியாது.

பழைய டிவியில் கேம் மோட் இல்லையென்றால் கம்ப்யூட்டர் மானிட்டரை இறக்கி வைத்து ஆடுங்கள். திரை சின்னதுதான், அம்பு நேரத்துக்கு வரும்.

முதல் நாளே டபுள் பேட்

ஒருவரே ஆட இரண்டு பேடைச் சேர்த்து வாங்குவதா? வேண்டாம். இரண்டாவது பேட் துணி காயப்போடத்தான் ஆகும்.

கீழ் வீட்டை மறப்பது

சத்தத்தைக் குறைத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். கீழ் வீட்டுக்காரருக்குப் பாட்டு கேட்காது, நீங்கள் குதிப்பதுதான் கேட்கும். ஜிம்மில் போடும் தடித்த ரப்பர் பாய், அதன் மேல் ப்ளைவுட் பலகை, அதன் மேல் பேட். டைல்ஸ் தரையில் பேட் நகர்ந்து ஓடுவதும் இதோடு நின்றுவிடும். சாஃப்ட் பேடென்றால் நான்கு ஓரமும் பலகையில் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். இத்தனையும் செய்தாலும் அதிர்வு முழுதாகப் போகாது. இரவு ஒன்பதுக்கு மேல் ஆடாதீர்கள்.

வெறுங்காலோடு உலோகப் பேட்

வீட்டுக்குள் ஷூ என்றால் அம்மா விடமாட்டார், தெரியும். தெருவையே மிதிக்காத ஒரு ஜோடியை அட்டைப் பெட்டியோடு காட்டி அனுமதி வாங்குங்கள். அடிப்பாகம் தட்டையாக, மெல்லியதாக இருக்கட்டும்; மெத்தென்ற ரன்னிங் ஷூவில் அம்பின் ஓரம் காலுக்குத் தெரியாது. சாஃப்ட் பேடுக்கு இது பொருந்தாது. அதில் ஷூ போட்டால் மேலுறை கிழிந்துவிடும், சாக்ஸ் போதும்.