பழைய காரின் ஹெட்லைட் ஒயரிங், எச்சரிக்கை விளக்குகள்: பழுது பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளிச்சம் மங்கினால் பல்பை மாற்றுவார்கள். டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தால் சென்சாரை மாற்றுவார்கள். மாருதி 800, அம்பாசடர் மாதிரியான பழைய வண்டிகளில் காசு வீணாவது பெரும்பாலும் இப்படித்தான். பல்பும் சென்சாரும் நன்றாகவே இருக்கும். பச்சை பூத்த இணைப்பு, துருப்பிடித்த எர்த் (மின்சாரம் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் பாடி இணைப்பு), உள்ளே இழை அறுந்த ஒயர் இவற்றில்தான் பழுது ஒளிந்திருக்கும்.

பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் மல்டிமீட்டர் வைத்துப் பார்ப்பது முதல் தவறு. மீட்டர் எடுக்கும் மின்னோட்டம் மிகச் சொற்பம். ஒயரில் ஒரே ஓர் இழை மிஞ்சியிருந்தாலும் அது 12 வோல்ட் காட்டும். பல்பு மாட்டியதும் அந்த வோல்ட் சரிந்துவிடும். அதனால் விளக்கு எரியும்போதே அளக்க வேண்டும். மீட்டரின் சிவப்பு முனையை பேட்டரி பாசிட்டிவிலும், கறுப்பு முனையை ஹோல்டரின் பின்பக்கம் பல்புக்கு மின்சாரம் வரும் பின்னிலும் வையுங்கள். மீட்டர் காட்டுவது வழியில் இழந்த வோல்ட். 0.5 வரை பொறுக்கலாம். அடுத்து பல்பின் எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே அளங்கள், 0.2-ஐத் தாண்டக் கூடாது. ஹாலஜன் பல்புக்கு வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். “பல்பு புதுசு, ஆனாலும் மங்கல்” என்ற புகாருக்குக் காரணம் இதுதான்.

எர்த் அறுந்தால் விளக்கு அணைந்துதான் போகும் என்று நினைக்க வேண்டாம். டிம் போடும்போது ஒரு பக்கத்து பல்பின் டிம், பிரைட் இரண்டு இழையும் மங்கலாக எரிந்து, பிரைட்டைக் காட்டும் டேஷ்போர்டின் நீல விளக்கும் லேசாக ஒளிர்ந்தால், அந்தப் பக்கத்து எர்த் போய்விட்டது என்று பொருள். டிம் இழை வழியாக வந்த மின்சாரம் எர்த்துக்குப் போக முடியாமல், பிரைட் இழை வழியாகத் திரும்பி, அடுத்த பக்கத்து பல்பில் எர்த் தேடுகிறது. இதற்கு சுவிட்சை மாற்றிப் பயனில்லை. எர்த் போல்ட்டைக் கழற்றி, பெயின்ட்டும் துருவும் போய் தகடு பளிச்சிடும்வரை உப்புத்தாளால் தேய்த்து, புது லக் (ஒயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள்.

மங்கலுக்கு மருந்தாக 100/90 வாட் பல்பு (பிரைட் 100, டிம் 90) போடுவது எல்லாவற்றிலும் மோசம். 60/55 வாட் பல்பு இரண்டும் பிரைட்டில் சுமார் 10 ஆம்பியர் எடுக்கும். 100 வாட் என்றால் 16-ஐத் தாண்டும். ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச்) இல்லாத வண்டியில் அவ்வளவும் ஸ்டீயரிங் அடியிலுள்ள சுவிட்ச் வழியாகத்தான் போகிறது. முதலில் ஹோல்டர் உருகும், பிறகு சுவிட்ச் கருகும். ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று நீல நிற 15 ஆம்பியர் இருந்த இடத்தில் பச்சை நிற 30-ஐச் செருகினால் அடுத்து எரிவது ஒயர்.

சரியான வழி ரிலே. டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. பேட்டரியிலிருந்து 20 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக ரிலேயில் 30 என்று எண்ணிட்ட முனைக்கு, 87-லிருந்து பல்புக்கு. 85, 86 இரண்டில் ஒன்றுக்குப் பழைய ஹெட்லைட் ஒயர், மற்றதற்கு எர்த். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பல்புக்கு அருகில் வைத்தால் இடையிலுள்ள ஒயர் பாடியில் உரசும்போது காக்க எதுவும் இல்லை. ஒயர் 2.5 சதுர மி.மீ. வேண்டும். 1 சதுர மி.மீ. ஒயர் 4 மீட்டர் ஓடினால் 10 ஆம்பியரில் 0.7 வோல்ட் அதிலேயே போய்விடும். எர்த் ஒயரும் அதே தடிமனில் இருக்கட்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். முறுக்கி டேப் சுற்றுவதும் வேண்டாம். இன்ஜின் சூட்டில் பசை இளகிவிடும். லக்கை க்ரிம்ப் செய்து (கருவியால் நசுக்கி இறுக்கி), சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள்.

ஒயரை வெட்டுமுன் ஒரு சோதனை. எர்த்தில் கிளிப் போட்ட டெஸ்ட் லேம்ப்பால், பல்பைக் கழற்றிய ஹோல்டரின் மூன்று பின்களையும் தொடுங்கள். டிம், பிரைட் இரண்டு நிலையிலும் ஒரே பின்னில் லேம்ப் எரிந்தால், அது எர்த் பக்கம் சுவிட்ச் செய்யும் வண்டி. பழைய ஜப்பானியக் கார்கள் பலவற்றில் இப்படித்தான். அதில் மேலே சொன்ன ரிலே இணைப்பு வேலை செய்யாது.

இனி சென்சார்கள். ஒற்றை ஒயர் சென்சாருக்கு எர்த் அது மாட்டியிருக்கும் இன்ஜின் அல்லது பாடி வழியாகவே கிடைக்கிறது. ஹெட்லைட் போட்டதும் பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்து நகர்ந்தால் இரண்டு சென்சாரும் ஒரே நாளில் கெட்டுவிடவில்லை. மீட்டர் போர்டின் எர்த், இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் பட்டை இரண்டையும் முதலில் பாருங்கள்.

ஆயில் விளக்கு ஓடும்போது எரிந்தால் உடனே இன்ஜினை நிறுத்துங்கள். “சென்சார்தான் கோளாறு” என்று ஒயரைப் பிடுங்கிவிட்டு ஓட்டுவது இன்ஜினையே பலி கொடுப்பது. ஆயில் அளவு சரியாக இருந்தால், இன்ஜின் நின்றிருக்க, சாவியை மட்டும் ஆன் செய்து, சென்சாரான ஆயில் பிரஷர் சுவிட்சின் ஒயரைக் கழற்றுங்கள். அப்போதும் எரிந்தால் ஒயர் எங்கோ பாடியில் ஒட்டியிருக்கிறது. அணைந்தால் ஒயர் சரி. ஆனால் சுவிட்ச் கெட்டதா, பிரஷரே இல்லையா என்பதை அந்தத் துளையில் மெக்கானிக்கல் கேஜ் மாட்டித்தான் தீர்மானிக்க முடியும். புது சுவிட்சின் மரையில் டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றவும் வேண்டாம், எர்த் தடைபடலாம்.

சாவி போட்டதும் சார்ஜ் விளக்கு எரியாவிட்டால் நல்லதென்று விட்டுவிடுகிறார்கள். பேட்டரியை சார்ஜ் செய்யும் பழைய ஆல்டர்னேட்டர் பலவற்றுக்குத் தொடக்க மின்சாரம் அந்தச் சிறு பல்பு வழியாகத்தான் போகிறது. அது ஃபியூஸானாலோ, எல்.இ.டி. மாட்டினாலோ ஆல்டர்னேட்டர் சார்ஜ் பிடிக்காமல் போகலாம். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் இருக்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போய்விட்டது; ஹெட்லைட் பல்பு அடிக்கடி பீஸாவதற்கும் அதுவே காரணமாகலாம்.

டேஷ்போர்டின் பிரேக் எச்சரிக்கை விளக்கு பல வண்டிகளில் ஹேண்ட்பிரேக்குக்கும் பிரேக் ஆயில் அளவுக்கும் பொதுவானது. ஹேண்ட்பிரேக்கை இறக்கியும் எரிந்தால் வெறுமனே பிரேக் ஆயில் ஊற்றி அணைத்துவிடாதீர்கள். பேட் தேயத் தேய ஆயில் மட்டம் இறங்கும். பேட் தேய்ந்திருக்கவில்லை என்றால் எங்கோ ஒழுகுகிறது. நான்கு சக்கரங்களின் உள்பக்கத்தையும் மாஸ்டர் சிலிண்டரையும் பார்க்காமல் வண்டியை எடுக்கக் கூடாது.