ரசத்தில் கலக்காதீர்கள், கையில் கொடுங்கள்

கோத்தகிரிப் பக்கம் கொழுந்து பறிப்பவள் நான். என் வீட்டுக்காரர் குடியை விட்டு மூன்று வருடமாகிறது. எந்த மாத்திரை, எப்படிக் கொடுத்தாய் என்று லைன் வீட்டுப் பெண்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

முதலில் நான் செய்த தவறு. யாரோ சொன்னதைக் கேட்டு, குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிராம் மாத்திரையைப் பொடித்து, அவருக்குத் தெரியாமல் ரசத்தில் கலந்தேன். அன்று மாலை குடித்துவிட்டு வந்தவருக்கு முகம் செக்கச்சிவந்தது, நெஞ்சு படபடத்தது. வாந்தியெடுத்து வாசற்படியிலேயே சரிந்தார். 108 வண்டி மலையேறி வரும்வரை என் உயிர் என்னிடம் இல்லை. மது உடலில் சிதையும்போது அசிட்டால்டிஹைடு என்ற நஞ்சு உண்டாகிறது. அதை மேற்கொண்டு கரையவிடாமல் இந்த மாத்திரை தடுத்துவிடும். இதய நோயாளி என்றால் உயிரே போயிருக்கலாம். அவருக்குத் தெரியாமல் ஒரு துளிகூடக் கொடுக்காதீர்கள்.

தினமும் நிறையக் குடிப்பவரை வீட்டில் பூட்டி வைத்துச் சட்டென்று நிறுத்தவும் கூடாது. கை நடுங்கும், இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதன்பின் சுவரில் பூச்சி ஊர்கிறது என்று பிதற்றுவார்கள். மருத்துவமனையில் சேர்த்தால் நடுக்கத்துக்கு மருந்தும் தயமின் என்ற வைட்டமின் ஊசியும் போடுவார்கள். அந்தக் கட்டம் தாண்டியபின்தான் மற்ற மாத்திரை.

கல்லீரல் பரிசோதனை முடிந்து, கடைசியாகக் குடித்து 12 மணி நேரமாவது ஆன பிறகே டைசல்ஃபிராம் தொடங்கலாம். இவருக்கு எழுதியது தினம் 250 மில்லிகிராம். காலையில் பெரட்டுக்கு, அதாவது எஸ்டேட்டில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகும்முன் தண்ணீரை நான் நீட்டுவேன், மாத்திரையை அவரே எடுத்துப் போட்டுக்கொள்வார். இது இருவரும் பேசி வைத்த ஏற்பாடு. அரிஷ்டமும் மது கலந்த இருமல் மருந்தும் ஆகாது. மாத்திரையை நிறுத்தினாலும் இரண்டு வாரம்வரை அதன் வேலை இருக்கும்.

குடிக்கும் ஆசையைத் தணிக்க நால்ட்ரெக்சோனும் அகாம்ப்ரோசேட்டும் உண்டு. யாருக்கு எது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். வழி தெரியாதவர்கள் அரசின் மனநல உதவி எண் 14416-க்கு அழையுங்கள், கட்டணமில்லை.

உறைபனி மாதங்களில் "குளிருக்கு ஒரு வாய்" என்று கூப்பிடுவார்கள். மது உடல் சூட்டைத் தோல் வழியாக வெளியேற்றிவிடும், குளிரைத் தாங்க அது உதவாது. சுக்குக் காபி போட்டு வையுங்கள். சம்பள நாளன்று அவருடன் நீங்களும் போங்கள்.

"டைசல்ஃபிராம் சாப்பிடுகிறேன்" என்று எழுதிய சீட்டு அவர் சட்டைப்பையில் எப்போதும் இருக்கட்டும். எங்காவது மயங்கி விழுந்தால், முதலில் பார்க்கும் மருத்துவருக்கு அது தெரிய வேண்டும்.