நிதி திரட்டும் நிகழ்ச்சி: தன்னார்வலர்களை ஒருங்கிணைப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நல்ல காரியத்துக்காக நிதி திரட்டப் போகிறோம் என்று சொன்னால் உதவிக்கு ஆட்கள் வருவார்கள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சிக்கல் தொடங்குவது அவர்கள் வந்து சேர்ந்த பிறகுதான். அதிகாலையில் வந்தவர் என்ன செய்வதென்று தெரியாமல் ஓரமாக நிற்கிறார். இன்னொருவர் தண்ணீர் குடிக்கக்கூட நேரமில்லாமல் பதிவு மேசையில் தனியாகத் திணறுகிறார். மாலையில் இருவருமே மனக்குறையோடு வீடு திரும்புகிறார்கள். அடுத்த முறை அழைத்தால் இருவருக்குமே அன்றைக்கு வேறு வேலை இருக்கும்.

பணம் கொடுத்தவருக்கு ரசீது தருகிறோம், கணக்குக் காட்டுகிறோம். நேரத்தைக் கொடுத்தவரும் நன்கொடையாளர்தான். அவர் தந்ததற்கும் நாம் பொறுப்பு என்ற எண்ணத்தோடு திட்டமிட ஆரம்பித்தால், பின்வரும் தவறுகளில் பல தாமாகவே கண்ணில் பட்டுவிடும்.

வேலையை எண்ணாமல் ஆளை அழைப்பது

"எத்தனை பேர் வந்தாலும் நல்லதுதான்" என்று பொதுவாக அழைப்பு விடுப்பது முதல் தவறு. ஊர் கூடித் தேர் இழுப்பதைப் போல, தலை கூடினால் பலமும் கூடும் என்று நம்புகிறோம். பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கெல்மான் இதை அளந்தே பார்த்தார். 1913இல் வெளியான அவருடைய முடிவுகளின்படி, கயிறு இழுக்கும் ஆட்கள் கூடக் கூட மொத்த விசை ஏறியது; ஆனால் தலைக்கு இவ்வளவு என்ற கணக்கு இறங்கிக்கொண்டே போனது. 1979இல் உளவியலாளர் பிப் லாட்டனேயும் உடன் ஆய்வாளர்களும் கை தட்டவும் கத்தவும் வைத்துச் சோதித்தபோதும் அதுவே நடந்தது. ஒருவரோடு ஒருவர் ஒத்திசையாமல் போவது ஒரு காரணம். தன் பங்கு தனியாகத் தெரியாதபோது மனிதர்கள் தம்மையறியாமலே சற்றுத் தளர்ந்துவிடுவது இன்னொரு காரணம். ஒவ்வொருவருடைய பங்கும் தனித்தனியாகத் தெரியும் என்ற நிலை வந்ததும் அந்தத் தளர்ச்சி மறைந்ததைப் பிந்தைய சோதனைகள் காட்டின. ஆக, வந்தவர்களைச் சோம்பேறிகள் என்று திட்டுவதில் நியாயமில்லை. அவர்களுக்கென்று தனி வேலை கொடுக்காதது நம் குறை.

எனவே முதலில் வேலைப் பட்டியல், அதன் பிறகே அழைப்பு. நிகழ்ச்சி முடிந்து இடத்தைத் துப்புரவாக ஒப்படைக்கும் நேரத்தில் தொடங்கிப் பின்னோக்கி எழுதிக்கொண்டு வாருங்கள். "பதிவு மேசை" என்று ஒரே சொல்லில் எழுதினால் அது வேலை ஆகாது. பெயர்ப் பட்டியலை அச்செடுப்பவர், வருபவர் பெயரைச் சரிபார்ப்பவர், முன்பதிவு இல்லாமல் வருபவரைக் கவனிப்பவர், வரிசையை ஒழுங்குபடுத்துபவர் என்று அது நான்காகப் பிரியும். ஒவ்வொன்றுக்கும் எங்கே, எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை, யாரைக் கேட்க வேண்டும், எது நடந்தால் வேலை முடிந்ததாகப் பொருள் என்பதையும் எழுதுங்கள். எழுதி முடித்தால் எத்தனை பேர் வேண்டும் என்பது ஊகமாக இல்லாமல் கணக்காகக் கிடைக்கும். அதற்கு மேல் வருபவர்களிடம் "இப்போதைக்கு ஆள் போதும், தேவைப்பட்டால் முதலில் உங்களைத்தான் அழைப்போம்" என்று சொல்வதில் தவறில்லை. ஒரு நாள் முழுக்கச் சும்மா நிற்க வைப்பதைவிட அது மரியாதை.

குழுவில் ஒரு செய்தி போட்டுவிட்டுக் காத்திருப்பது

"சனிக்கிழமை காலை மேசை நாற்காலி இறக்க யாராவது வர முடியுமா?" வாட்ஸ்அப் குழுவில் இந்தக் கேள்வி விழுகிறது. எல்லாரும் படிக்கிறார்கள், பத்துப் பேர் கட்டைவிரலைத் தூக்குகிறார்கள். சனிக்கிழமை காலை வண்டியோட்டியும் நீங்களும் மட்டும் நிற்கிறீர்கள்.

இதற்கும் மனிதர்களின் அக்கறைக்கும் தொடர்பில்லை. 1968இல் ஜான் டார்லியும் லாட்டனேயும் நடத்திய புகழ்பெற்ற சோதனையில், வேறோர் அறையில் ஒருவருக்கு வலிப்பு வருவது ஹெட்ஃபோன் வழியாகக் கேட்கும்படி ஏற்பாடு செய்திருந்தார்கள். தான் ஒருவர்தான் கேட்கிறோம் என்று நம்பியவர்களில் 85 விழுக்காட்டினர், அந்தக் குரல் கேட்டுக்கொண்டிருக்கும்போதே உதவிக்கு எழுந்தார்கள். இன்னும் நாலு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்பியவர்களில் அப்படி எழுந்தவர்கள் 31 விழுக்காடுதான். உயிர் போகும் விஷயத்திலேயே இப்படியென்றால், மேசை இறக்குவதற்கு யார் முன்வருவார்கள்?

பெயர் சொல்லிக் கேளுங்கள். தனியாக அழைத்து, இந்த வேலை, இந்த நேரம், இத்தனை மணி நேரம் என்று சொல்லிக் கேளுங்கள். மறுக்கவும் இடம் கொடுங்கள். தயங்கித் தயங்கிச் சொல்லும் "சரி"யைவிட அன்றே கேட்கும் "முடியாது" உங்களுக்கு உதவும், ஏனென்றால் மாற்று ஆள் தேட நாள் இருக்கும். குழுச் செய்தி அறிவிப்புக்கு ஏற்றது, பொறுப்பு ஒப்படைக்க ஏற்றதல்ல. நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்பு ஒவ்வோர் அணித்தலைவரும் தம் ஆட்களை ஒரு முறை தொலைபேசியில் அழைத்து உறுதிசெய்துகொள்ள வேண்டும். அப்படியும் சிலர் வராமல் போவார்கள். காய்ச்சல் வரும், வீட்டில் யாருக்காவது முடியாமல் போகும். எந்த வேலையிலும் கட்டிப்போடாத இரண்டு மூன்று பேரை மாற்றாட்களாக வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கும் எங்கே இருக்க வேண்டும், யார் அழைத்தால் போக வேண்டும் என்பதைச் சொல்லிவிடுங்கள்.

எல்லாப் பொறுப்பும் ஒரே கையில்

கடுமையாக உழைக்கும் ஒருங்கிணைப்பாளர்தான் பெரும்பாலும் நிகழ்ச்சியின் மிகப் பெரிய பலவீனமாக மாறிவிடுகிறார். இதைச் சொல்ல வருத்தமாகவே இருக்கிறது, ஏனென்றால் அவருடைய மனசு தங்கம். ஆனால் சாவி அவரிடம், மின்சாரக்காரர் எண் அவரிடம், விருந்தினர் பட்டியல் அவரிடம் என்றால் அவர் கைபேசியின் மின்கலம் தீர்ந்த நொடியில் எல்லாமே நின்றுவிடும்.

1970களில் கலிஃபோர்னியாவில் பெருங்காட்டுத்தீக்களை எதிர்கொண்ட துறைகள், யார் யாருக்குக் கட்டளையிடுவது என்பதே தெரியாமல் பட்ட பாட்டிலிருந்து ஓர் ஒழுங்குமுறையை வகுத்தன. இன்று பல நாடுகளின் பேரிடர்ப் பணிகளில் அது பின்பற்றப்படுகிறது. அதன் இரண்டு விதிகளை எந்தச் சிறிய நிகழ்ச்சியும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஒரு பொறுப்பாளரின் கீழ் மூன்று முதல் ஏழு பேர் வரை, ஏறக்குறைய ஐந்து பேர் என்பது நல்ல அளவு. ஒருவர் ஒரே ஒரு பொறுப்பாளருக்கு மட்டுமே பதில் சொல்ல வேண்டும். இரண்டாவது விதியை மீறினால் என்ன ஆகும் என்பதை எல்லா நிகழ்ச்சிகளிலும் பார்க்கலாம்: செயலாளர் ஒன்று சொல்வார், பொருளாளர் வேறொன்று சொல்வார், நடுவில் நிற்கும் இளைஞர் இரண்டையும் விட்டுவிட்டு ஒதுங்கிப் போவார்.

அணித்தலைவருக்குப் பட்டம் மட்டும் கொடுத்தால் போதாது, முடிவெடுக்கும் உரிமையும் வேண்டும். குறிப்பிட்ட தொகை வரை கேட்காமலே செலவு செய்யலாம், மழை வந்தால் மேடையை மாற்றலாம் என்பதையெல்லாம் முன்பே பேசி எழுதிவைத்தால் எதற்கெடுத்தாலும் உங்களைத் தேடி ஓடிவர மாட்டார்கள். அந்தப் பொறுப்பைச் செல்வாக்குக்காகவோ வயதுக்காகவோ கொடுக்காதீர்கள். மதிப்புக்குரிய பெரியவர்களை வரவேற்பிலும் மேடையிலும் அமர்த்துங்கள். அணியை நடத்த, சொன்ன நேரத்துக்கு வருபவரும் பதறாமல் பேசுபவரும் போதும்.

இரண்டு வகை அணிகளைக் குழப்பிக்கொள்வது

அதிகம் பேசப்படாத தவறு இது. 1985இல் அமெரிக்காவின் டகோமா நகரில் கார்டன் கிளாட் என்ற அறுவை மருத்துவர், புற்றுநோய்ச் சங்கத்துக்கு நிதி திரட்ட ஓட்டப்பாதை ஒன்றை 24 மணி நேரம் சுற்றி வந்தார்; 27,000 டாலர் அளவுக்கு நிதி சேர்ந்தது. அடுத்த ஆண்டு 19 அணிகள் மாறி மாறிச் சுற்றின. 'ரிலே ஃபார் லைஃப்' என்று பல நாடுகளில் நடப்பது அப்படித் தொடங்கியதுதான். இந்த வகை நிகழ்ச்சியில் பங்கேற்கும் அணி, நண்பர்களும் உறவினர்களும் சேர்ந்த அணி. நிகழ்ச்சி நாளுக்குப் பல வாரங்கள் முன்பிருந்தே அவர்கள் தமக்குத் தெரிந்தவர்களிடம் நிதி கேட்கிறார்கள். நிகழ்ச்சியை நடத்தும் அணி வேறு. அதில் நட்பைவிட வேலைத் திறன் முக்கியம்.

இந்த இரண்டையும் ஒரே ஆட்களின் தலையில் கட்டினால் இரண்டும் கெடும். நிதி கேட்கப் போக வேண்டிய வாரத்தில் அவர்கள் பந்தல் விஷயமாக அலைவார்கள். அன்றைக்கு ஓட வேண்டியவர் வண்டி நிறுத்துமிடத்தில் நிற்பார். பங்கேற்பாளர் அணிகளுக்கென்று தனியாக ஒரு தொடர்பாளரை வைத்து, ஒவ்வோர் அணிக்கும் ஓர் இலக்கு, இடையிடையே நிலவரம், கேட்பதற்கு எளிதான ஒரு மாதிரிக் கடிதம் ஆகியவற்றைக் கொடுங்கள்.

பணத்தை நம்பிக்கையின் பேரில் விடுவது

"நம்ம ஆள்தானே" என்ற சொல்லில் தொடங்கி உடைந்துபோன நல்ல குழுக்கள் நிறைய. பணத்தைத் திருடுபவர் அபூர்வம். கணக்கு இல்லாததால் பழி சுமக்கும் நேர்மையானவர்தான் அதிகம். மாலையில் தனியாக உண்டியலைத் திறந்து எண்ணியவரிடம் "இவ்வளவுதானா?" என்று யாரோ ஒருவர் சாதாரணமாகக் கேட்டாலும் அந்தக் கேள்வி அவரைச் சுடும். அவருக்கு அதை வரவழைத்தது நாம்தான்.

உறவினர் அல்லாத இருவர் சேர்ந்தே பணத்தைத் திறக்கவும் எண்ணவும் வேண்டும். எண்ணிய தாளில் இருவரும் கையெழுத்திட வேண்டும். உண்டியல்களுக்கு எண் கொடுத்து முத்திரை வையுங்கள். எந்த எண் யாரிடம் போனது, எப்போது திரும்பியது என்பது பட்டியலில் இருக்கட்டும். ரசீதுப் புத்தகங்களையும் அப்படியே எண் வாரியாகக் கொடுத்து, அடிக்கட்டையோடு திரும்ப வாங்குங்கள். கிழிந்த ரசீதையும் எறியக் கூடாது, குறுக்கே கோடு போட்டு வைக்க வேண்டும். சேர்ந்த பணத்திலிருந்தே கூலியும் வண்டி வாடகையும் கொடுத்துவிட்டு மீதியை மட்டும் வங்கியில் போடும் பழக்கம் வேண்டவே வேண்டாம். வந்தது முழுவதும் கணக்கில் ஏறட்டும், செலவு தனியாக வெளியே போகட்டும். தனி ஒருவரின் வங்கிக் கணக்கு எண்ணையோ அவருடைய கியூஆர் குறியீட்டையோ சுவரொட்டியில் அச்சிடாதீர்கள், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

பொது இடத்தில் நிதி வசூலிக்க முன் அனுமதி பல நாடுகளில் கட்டாயம். குலுக்கல் சீட்டு விற்பதும் பல இடங்களில் லாட்டரிச் சட்டத்துக்குள் வரும். தேதி குறிக்கும் முன்பே உங்கள் பகுதியின் விதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சிறுவர்களை உண்டியலோடு தனியாக அனுப்பக் கூடாது.

உற்சாகமூட்டக் கமிஷன் தருவது

வசூலில் ஒரு சிறு பங்கு கொடுத்தால் இன்னும் வேகமாகத் திரட்டுவார்கள் என்று சிலர் யோசிப்பதுண்டு. 2000இல் பொருளியலாளர்கள் யூரி நீஸியும் ஆல்டோ ருஸ்டிக்கினியும் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேர் பதில் சொல்கிறது. வீடு வீடாக நன்கொடை கேட்கப் போன மாணவர்களில் ஒரு பகுதிக்கு எதுவும் தரவில்லை, ஒரு பகுதிக்கு வசூலில் 1 விழுக்காடு, மற்றொரு பகுதிக்கு 10 விழுக்காடு. அதிகம் திரட்டியவர்கள் எதுவும் வாங்காதவர்கள். மிகக் குறைவாகத் திரட்டியவர்கள் 1 விழுக்காடு வாங்கியவர்கள். மனமுவந்து செய்வதற்கு விலை வைத்ததும் அந்த விலை போதுமா என்ற கணக்கு மனசுக்குள் நுழைந்துவிடுகிறது.

அதைவிட வலுவானது ஒன்று உண்டு. பல்கலைக்கழகத்துக்காகத் தொலைபேசியில் நிதி கேட்கும் பணியாளர்களை, அந்த நிதியால் உதவித்தொகை பெற்ற ஒரு மாணவரோடு சில நிமிடங்கள் பேச வைத்தார் உளவியலாளர் ஆடம் கிராண்ட். 2007இல் வெளியான அந்த ஆய்வில், ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது அவர்கள் பேசிய நேரமும் திரட்டிய தொகையும் இரு மடங்குக்கு மேல் உயர்ந்திருந்தன. அதனால் தன்னார்வலர்களின் முதல் கூட்டத்தில் இந்த நிதி யாருக்கு, எதற்கு என்பதைக் கண்முன் காட்டுங்கள். உதவி பெறுபவர் மனம் ஒப்பி வந்தால் மட்டும் பேச வையுங்கள். அவரைக் கூட்டத்தின் நடுவே நிறுத்தி இரக்கம் தேடுவது அவருக்கு இழைக்கும் அநீதி. கடிதமோ குரல் பதிவோ கூடப் போதும்.

அன்றைய நாளிலும் அதன் பிறகும்

ஆறேழு மணி நேரம் ஒரே இடத்தில் நிற்க வைப்பது, சாப்பாட்டு நேரத்தில் விடுவிக்க ஆள் வைக்காமல் விடுவது, முதலுதவிப் பெட்டி எங்கே என்று சொல்லாமல் விடுவது ஆகியவை சிறிய கவனக்குறைவுகளாகத் தோன்றும். வந்தவர்கள் நினைவில் வைத்திருப்பது இவற்றைத்தான். வேலையை மூன்று நான்கு மணி நேர முறைகளாக (ஷிப்டுகளாக) பிரியுங்கள். அடுத்தவர் வந்து சேரும் முன் முந்தையவர் கிளம்பாதபடி கால் மணி நேரம் இரு முறைகளும் ஒன்றன்மேல் ஒன்று விழட்டும். கலைத்துச் சுத்தம் செய்யக் களைப்பில்லாத தனி அணி வேண்டும். காலையிலிருந்து நின்றவர்களையே இரவில் நாற்காலி அடுக்கச் சொல்லாதீர்கள்.

நன்றியை மேடையில் பொதுவாக ஒரு வரியில் முடித்துவிடுவது கடைசித் தவறு. ஒரு வாரத்துக்குள் ஒவ்வொருவருக்கும் அவர் செய்த வேலையைக் குறிப்பிட்டு எழுதுங்கள். கூடவே கணக்கையும் சொல்லுங்கள்: எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவானது, எவ்வளவு எப்போது உரியவர்களிடம் போய்ச் சேர்ந்தது. எதிர்பார்த்த தொகை வரவில்லை என்றாலும் அதையே சொல்லுங்கள். அதே வாரத்தில் அணித்தலைவர்களை உட்கார வைத்து, எந்த வேலைக்கு ஆள் பற்றவில்லை, எதற்குக் கூடுதலாக இருந்தது என்று வேலைப் பட்டியலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். தொலைபேசி எண்களும் முகவரிகளும் நிகழ்ச்சிக்காக உங்களை நம்பித் தரப்பட்டவை. தொடர்ந்து வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டு, வேண்டாம் என்பவர்களின் விவரங்களை எல்லாப் பிரதிகளிலிருந்தும் அழித்துவிடுங்கள்.